பாடசாலை துறந்தோர் தேடும் துணை

1977ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து சிறு சஞ்சிகையொன்று வெளிவரத் தொடங்கியது. 'குரோயிங் விதவுட் ஸ்கூலிங்' என்பது அதன் பெயர். பாடசாலையின்றி வளர்தல் என்று தமிழிற் சொல்லலாம். அதனை நடத்தியவர் ஜோன் ஹோல்ட். பல்லாண்டு ஆசிரியத் தொழில் செய்து, பாடசாலையைத் திருத்த முடியும் என்று நம்பி, நாடெங்கும் சென்று பேசி, ஈற்றில் அந்நம்பிக்கையைக் கைவிட்டவர் அவர். கட்டுரைகளோடும் வாசகர் கடிதங்களோடும் அச்சஞ்சிகையில் ஒரு பட்டியலும் வெளிவந்தது. தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாத குடும்பங்களுள், பெயரையும் விலாசத்தையும் வெளியிடச் சம்மதித்தவற்றின் பட்டியல் அது.

அப்பட்டியலை நினைக்கும்போது நமக்கு முதலில் தோன்றுவது இரக்கமே. அன்று பல மாநிலங்களில் சட்டம் இப்பெற்றோருக்குப் பகையாக இருந்தது. அயலவர் முறைப்பாடு செய்யலாம், வழக்கு வரலாம், பேரப்பிள்ளையின் வாழ்வு பாழாகிறதென்று பாட்டனும் பாட்டியும் கண்ணீர் வடிக்கலாம். அந்நிலையில் நூறு மைலுக்கு அப்பாலேனும் தம்மை ஒத்த இன்னொரு குடும்பம் உண்டென்று அறிவதே பெரும் பலம். சஞ்சிகை 2001இல் நின்றுபோயிற்று. பட்டியலின் வேலையை இன்று இணையக் குழுக்கள் செய்கின்றன. வாரந்தோறும் ஏதேனுமொரு பூங்காவிற் கூடும் குடும்பங்களும் உள்ளன. பீற்றர் கிரே, ஜீனா ரைலி என்னும் ஆய்வாளர் இருவர் இத்தகைய 232 குடும்பங்களின் விடைகளைத் தொகுத்து 2013இல் வெளியிட்டனர். இவ்வழியிற் பெரிய இடர் எதுவென்று கேட்டபோது, கணிதம் கற்பிப்பதென்றோ விஞ்ஞானம் கற்பிப்பதென்றோ பெரும்பாலோர் சொல்லவில்லை. உற்றார் உறவினரும் சமூகமும் செய்யும் கண்டனத்தையே அதிகமானோர் முதலிற் சொன்னார்கள். அதனையடுத்து, தாம் வளர்ந்த முறையால் தம் உள்ளத்திலேயே பதிந்துவிட்ட அச்சத்தைச் சொன்னார்கள்.

இவ்விடத்தில் ஒரு தெளிவு வேண்டும். வீட்டுக் கல்வி வேறு, இது வேறு. வீட்டுக் கல்வியிற் பாடசாலையின் நேரசூசியும் பாடநூலும் வீட்டுக் கூடத்துக்கு இடம்பெயர்கின்றன. தாய் ஆசிரியை ஆகிறாள். 'அன்ஸ்கூலிங்' என்று ஹோல்ட் பெயரிட்ட முறையில் நேரசூசியும் இல்லை, பாடவிதானமும் இல்லை, பரீட்சையும் இல்லை. பிள்ளையின் ஆவல் இழுத்த வழியே கல்வி செல்லும். பெற்றோர் உடன் செல்வர். பாடசாலை துறப்பு என்று இக்கட்டுரையில் நாம் இதனைக் குறிப்போம்.

நம் நாட்டு முற்போக்கு நண்பர்கள் சிலர் இத்துறப்பை விதந்து பேசக் கேட்டிருக்கிறோம். பாடசாலை ஆளும் வர்க்கத்தின் கருவி; ஆதலின் அதைவிட்டு வெளியேறுவோர் கிளர்ச்சியாளர்; அவர்கள் ஒருவரையொருவர் தேடிச் சேரும் வட்டங்கள் புதிய சமுதாயத்தின் கருக்கள் என்பது அவர்களது வாதம். கேட்க இனிமையானதுதான். இவ்வாதத்தை நாம் ஏற்கவில்லை. ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வாதத்தின் முதற் பாதி உண்மையாக இருப்பதே அதற்குக் காரணம்.

ஹோல்ட் 1964இல் வெளியிட்ட நூலில், பிள்ளைகள் எவ்வாறு தோல்வியுறுகின்றனர் என்பதை வகுப்பறையின் உள்ளிருந்தே எழுதினார். பிள்ளைகள் அஞ்சுகின்றனர். பெரியவர் எதிர்பார்க்கும் விடையை அவர் முகத்திலிருந்தே படித்துச் சொல்லப் பழகுகின்றனர். கேள்வியை விளங்கிக்கொள்வதிலும் கேள்வியிலிருந்து தப்புவதிலேயே தம் மதியைச் செலவிடுகின்றனர். இதனை வாசிக்கும் எந்த ஆசிரியனுக்கும் தன் வகுப்பறை நினைவுக்கு வராமற் போகாது. கரும்பலகையின் முன் நின்று 'விளங்கிற்றா?' என்று நாம் கேட்க, நாற்பது குரல்கள் ஒன்றாய் 'விளங்கிற்று, சேர்' என்று சொல்லும் அந்தப் பொய்யை நாம் எத்தனை ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம்! ஹோல்ட் அதனைப் பொய்யென்று எழுதினார். அதற்காக அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹோல்ட் இவற்றைக் கண்டது தனியார் பாடசாலைகளில். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளிடையே. நூல் வெளிவந்த அதே 1964இல், அதே பொஸ்டன் நகரில், ஜொனதன் கொசோல் என்னும் இளைஞர் அரசாங்கப் பாடசாலையொன்றில் நான்காம் வகுப்பு ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கிருந்தவர்கள் ரொக்ஸ்பரிப் பகுதியின் கறுப்பினப் பிள்ளைகள். நெருக்கம், உடைந்த கட்டடம், அடி, ஆசிரியர் சிலரின் வாயிலிருந்து வந்த இழிசொல். லாங்ஸ்டன் ஹியூஸ் என்னும் கறுப்பினக் கவிஞரின் கவிதையொன்றை அவர் வகுப்பில் வாசித்தார். வீட்டுச் சொந்தக்காரனோடு மல்லுக்கு நிற்கும் ஒரு வாடகைக் குடியிருப்பாளனின் குரல் அது. பாடவிதானத்தில் இல்லாத கவிதை என்று சொல்லி 1965இல் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அவ்வனுபவத்தை 1967இல் அவர் நூலாக வெளியிட்டார்.

ஒரே நகரம், ஒரே காலம், இரண்டு ஆசிரியர்கள். ஹோல்ட் கண்ட பிள்ளைகள் அச்சத்தால் தோற்றனர். கொசோல் கண்ட பிள்ளைகளுக்கோ அச்சத்தோடு கூரையும் ஒழுகியது. முன்னையோரின் பெற்றோர், மனம் வைத்தால், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். பின்னையோரின் பெற்றோர் என்ன செய்தனர்? இதைத்தான் நம் நண்பர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர்களும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் விட்டார்கள்!

1963 ஜூன் 18ஆந் திகதி பொஸ்டனின் கறுப்பின மாணவர்கள் பாடசாலைகளைப் பகிஷ்கரித்தனர். அன்று அவர்கள் வீட்டில் இருக்கவில்லை. தேவாலயங்களிலே தற்காலிகமாக அமைத்த சுதந்திரப் பாடசாலைகளுக்குச் சென்று, தம் மக்களின் வரலாற்றையும் தம் உரிமைகளையும் பற்றிக் கற்றார்கள். 1964 பெப்ரவரி 26ஆந் திகதி மீண்டும் பகிஷ்கரிப்பு நடந்தது. இம்முறை சுமார் 20,000 மாணவர்கள். அதே மாதம் 3ஆந் திகதி நியூயோர்க் நகரில் நாலரை இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் வகுப்புக்குச் செல்லவில்லை. ஒருநாள் துறப்பு அது. திரும்பி வருவதற்காக, தாம் திரும்பி வரும் இடம் மாறியிருக்க வேண்டும் என்பதற்காக வெளியேறிய துறப்பு.

1965இல் எலன் ஜாக்சன் என்னும் தாயும் அவரைச் சார்ந்த பெற்றோரும் செய்தது அதனினும் வியப்பானது. தம் பகுதிப் பாடசாலைகளிற் பிள்ளைகள் நெருக்குண்டிருக்க, நகரின் பிற பகுதிகளில் வெற்று ஆசனங்கள் இருந்தன. விரும்பினால் அங்கு பிள்ளைகளை அனுப்பலாம் என்று விதி இருந்தது. போக்குவரத்துச் செலவை நகரம் தர மறுத்தது. பெற்றோர் பணம் திரட்டினர். பஸ்களை வாடகைக்கு அமர்த்தினர். தம் பிள்ளைகளை ஏற்றி அனுப்பினர். 'எக்ஸோடஸ்' என்று அம்முயற்சிக்குப் பெயரிட்டனர். அவர்களும் ஒருவருக்கொருவர் துணையாக நின்ற பெற்றோர் வட்டம்தான். தம் பிள்ளைகளைப் பற்றிய கவலைதான் அவர்களையும் கூட்டிற்று. ஆயினும் பொஸ்டன் நகரசபையும் கல்விக் குழுவும் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவ்வழி நீண்டு, 1972இற் கறுப்பினப் பெற்றோர் தொடுத்த வழக்காகி, 1974இல் நீதிமன்றத் தீர்ப்பாகி முடிந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில், வெள்ளையர் பகுதிப் பாடசாலைகளுக்குச் சென்ற பிள்ளைகளின் பஸ்கள் மீது கல்லெறிந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து அதே நகரிலிருந்துதான் ஹோல்டின் சஞ்சிகை வெளிவந்தது. கல்லெறிந்த இனவெறியரோடு ஹோல்டைச் சேர்க்க நாம் வரவில்லை, அது அநியாயம். நாம் கேட்பது இவ்வளவே: பெற்றோர் கூடி நின்று ஒரு நகரத்தின் கல்வியையே அசைத்ததைக் கண்ட ஊரில், பெற்றோர் கூடுவதற்கு வேறு வழியே இல்லை என்று ஒருவர் எவ்வாறு முடிவு கட்டினார்?

அதற்கு ஹோல்டிடம் விடை இருந்தது. அதனை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது. தம் முதலாவது இதழிலேயே சமுதாய மாற்றத்தைப் பற்றி எழுதினார். நிலைக்கும் மாற்றம் மெதுவாகவே வரும். மக்கள் தம் அரசியற் கருத்தை மாற்றிக்கொண்டால் மட்டும் போதாது, தாம் வாழும் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் பின் ஒருவராக அவ்வாறு மாற, சமுதாயம் மாறும் என்பது அவர் கருத்து. சில்லறைக் காசுக் கொள்கை என்னும் பொருள்படத் தாமே அதற்குப் பெயருஞ் சூட்டினார். சிறுகச் சிறுகச் சேர்த்தாற் பெருந்தொகை ஆகும் அல்லவா?

சேர்ந்ததா? வரலாற்றைப் பார்ப்போம். 1983இல் கிறிஸ்தவப் பழைமைவாதிகள் வீட்டுக் கல்வியைச் சட்டத்தின்முன் காப்பதற்கென ஒரு சங்கத்தை நிறுவினர். அவர்களிடம் சட்டத்தரணிகள் இருந்தனர், தேவாலயங்கள் இருந்தன, கட்டுக்கோப்பு இருந்தது. 1993 அளவில் ஐம்பது மாநிலங்களிலும் வீட்டுக் கல்வி சட்டபூர்வமாயிற்று. அதிற் பாடசாலை துறந்தோருக்கும் பங்குண்டு, பயனுமுண்டு. ஆனால் அரசியல் மேடையில் ஒலித்த குரல் அவர்களுடையதாக இருக்கவில்லை. சேர்த்த சில்லறைக் காசு எல்லாம் வேறொருவருடைய பெட்டியில் விழுந்தது. 2022இல் அரிசோனா மாநிலம் ஒரு சட்டம் செய்தது. அரசாங்கப் பாடசாலைக்குச் செல்லாத எந்தப் பிள்ளைக்கும், வீட்டிலே கற்கும் பிள்ளைக்குங்கூட, ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 டொலர் பொதுப் பணத்தைப் பெற்றோர் கையில் கொடுக்க அது வழி செய்தது. கோடீசுவரன் வீட்டுப் பிள்ளைக்கும் அது உண்டு. பிள்ளையின் சுதந்திரத்திற் பிறந்த ஓர் இயக்கத்தின் பெயராலும் பொதுக் கல்வியின் பணப்பை இவ்வாறு அவிழ்க்கப்படுகிறது.

இவான் இலிச்சைத் துணைக்கழைக்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். அவருடைய நூல் 1971இல் வெளிவந்தது. பாடசாலை அறிவை உரிமைப் பண்டமாக்கிச் சான்றிதழாக விற்கிறது என்று அவர் கூறியதில் நமக்குப் பெரிய பிணக்கு இல்லை. தாம் கற்க விரும்பும் பொருளையும் தம் பெயரையும் விலாசத்தையும் ஒருவர் பதிந்து வைக்க, அதே பொருளில் ஆவலுள்ள இன்னொருவரைக் கணினி தேடித்தரும் ஒரு வலைப்பின்னலையும் அவர் கற்பனை செய்தார். அந்நாளில் அது துணிவான கற்பனை. அவ்வலையில் முன்பின் அறியாத எவரும் எவரையும் சந்திக்கலாம். தச்சனும் மாணவனும், கிழவியும் சிறுவனும். அவர் விடுவிக்க விரும்பியது சமுதாயத்தை. நூலின் பெயரிலேயே அது இருக்கிறது. ஒத்த கருத்துடைய பெற்றோர் ஒத்த கருத்துடைய பெற்றோரைக் கண்டு ஆறுதல் கொள்ளும் வட்டத்தை அவர் தலையிற் சுமத்துவது பொருந்தாது.

அவ்வட்டத்தின் உள்ளே சற்று நோக்குவோம். கிரேயும் ரைலியும் திரட்டிய விடைகளை அனுப்பியோர் பெரும்பாலும் தாய்மார். ஆச்சரியமில்லை. நேரசூசி இல்லாத கல்விக்கு நாள் முழுவதும் வீட்டிலிருக்கும் ஒருவர் தேவை. அந்த ஒருவர் யார் என்று எந்தச் சமூகத்திலும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொருவர் உழைப்பில் வீடு நடக்க வேண்டும். இரண்டு வேலை பார்த்தும் வாடகை கட்ட முடியாத தாய்க்கு இவ்வட்டத்தின் கதவு திறந்திருந்தும் பயனில்லை. பிள்ளையின் சுதந்திரத்துக்காகத் தாய் வேலையைத் துறப்பதை விடுதலை என்று கொண்டாடுவோர், அவள் துறந்ததையும் கணக்கில் எழுத வேண்டும் அல்லவா?

இன்னொன்று. பாடசாலை துறந்த வீடுகளிற் சில பிள்ளைகள் எட்டு வயதில், பத்து வயதில், அதற்குப் பின்னுங்கூட வாசிக்கத் தொடங்குவதுண்டு. அதிற் குற்றமில்லை என்று ஹோல்டும் சொன்னார். பலருக்கு அது தானே வந்தும் இருக்கிறது. பத்து வயது மகன் இன்னும் வாசிக்கவில்லை என்று ஒரு தாய் தன் வட்டத்திற் கேட்கிறாள் என வைப்போம். நம்பு, பொறுத்திரு, எங்கள் மகளும் அப்படித்தான் இருந்தாள் என்ற விடைகள் அன்போடு வரும். அவ்வன்பில் நாம் ஐயப்படவில்லை. ஆனால் அப்பிள்ளையின் கண்பார்வையிற் குறை இருந்தால்? எழுத்துகள் அவன் கண்முன் ஒழுங்காய் நிற்காத இடர்ப்பாடு இருந்தால்? பொறுத்திருத்தல் அவனுக்குச் செய்யும் அநீதியாகிவிடும். ஆறுதல் சொல்வதற்கென்றே கூடிய வட்டத்தில், அந்தத் தாய்க்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவர் யாரும் இல்லை. சொன்னவரைப் பாடசாலையின் ஒற்றர் என்று கருதி ஒதுக்குவதும் எளிது. ஓர் உறுப்பினர் வட்டத்தை விட்டுப் போக ஒரு விரலசைவு போதும். நல்ல ஆசிரியன் அப்பிள்ளையின் தாய்க்கு நண்பனாக இல்லாமலே இருக்கலாம். அவளுக்கு உண்மை சொல்லும் பொறுப்பு அவனுக்கு உண்டு. அப்பொறுப்புக்கு அவன் சம்பளம் பெறுகிறான்.

இனி, நம் வாதத்தைத் தடுமாற வைக்கும் ஒரு செய்தி. நோய்த்தொற்றுப் பரவிய 2020இல் அமெரிக்கக் குடித்தொகைப் பணியகம் ஒரு கணக்கெடுத்தது. அவ்வாண்டு வசந்த காலத்தில், பாடசாலை வயதுப் பிள்ளைகள் உள்ள கறுப்பினக் குடும்பங்களில் 3.3 வீதமே வீட்டுக் கல்வியில் இருந்தன. இலையுதிர் காலத்தில் அது 16.1 வீதமாயிற்று. இவையெல்லாம் பாடசாலை துறந்த குடும்பங்கள் என்று சொல்லவில்லை. வீட்டுக் கல்வி முழுவதற்குமான கணக்கு இது. நோய்க்கு அஞ்சியும் பலர் அவ்வாறு செய்திருப்பர். ஆயினும் வகுப்பறையிலே தம் பிள்ளைக்கு நேரும் அவமதிப்பை இனியும் பொறுக்க முடியாது என்று வெளியேறிய தாய்மாரும் அவர்களுள் உளர். சிறு குறும்புக்குக் கடுந்தண்டனை, அறிவுள்ள மகனை மந்தன் என்று ஒதுக்குதல், வரலாற்றுப் பாடத்திலே தன் மக்கள் இல்லாமை. கொசோல் கண்ட வகுப்பறை முற்றாக மறைந்துவிடவில்லை.

அந்தத் தாயிடம் நாம் என்ன சொல்வது? பொதுக் கல்வியின் நலனுக்காக உன் மகனை அவமானப்பட அனுப்பு என்றா? அவ்வாறு சொல்லும் முற்போக்கு யாருக்கு வேண்டும்! அவள் மகனுக்கு வயது ஏழு. நம் போராட்டம் வெல்லும்வரை அவன் ஏழு வயதிலேயே நிற்கமாட்டான். அவளை நாம் கண்டிக்க மாட்டோம். அவளை வெளியேற்றியது பாடசாலை. அவள் வாசலைக் கடந்தபோது அவளோடு நடந்து சென்று தலைமையாசிரியரின் மேசைமுன் நிற்க ஓர் ஆசிரியர் இருந்தாரா என்பதே நம் கேள்வி. இல்லையென்றால், முகமறியாதவர் வட்டத்திலே அவள் துணை தேடியதற்கு ஆசிரியர் உலகம் வெட்கப்பட வேண்டும்.

துணை வேறு விதமாகவும் கிடைக்கலாம் என்பதற்கு டெக்சாஸ் மாநிலத்தின் சான் அன்ரோனியோ நகரம் சாட்சி. அந்நகரின் எட்ஜ்வூட் பகுதியில் மெக்சிக்க வம்சாவளித் தொழிலாளர் வாழ்ந்தனர். 1968 மே 16ஆந் திகதி அங்குள்ள உயர்நிலைப் பாடசாலை மாணவர் சுமார் 400 பேர் வகுப்பைவிட்டு வெளியேறிக் கல்வி அதிகாரியின் காரியாலயத்துக்கு ஊர்வலமாகச் சென்றனர். சிதைந்த கட்டடம், போதாத உபகரணம், தகுதியற்ற ஆசிரியர் என்பன அவர்களது முறைப்பாடுகள். பிள்ளைகள் வழிகாட்ட, பெற்றோர் சங்கமாயினர். விமானப்படைத் தளமொன்றில் உலோகத் தகட்டு வேலை செய்த டிமெட்ரியோ ரொட்ரிகஸ் அவர்களுள் ஒருவர். பிள்ளை ஒருவருக்கு எட்ஜ்வூட் 356 டொலர் செலவிட, அதே நகரின் செல்வர் பகுதியான அலமோ ஹைற்ஸ் 594 டொலர் செலவிட்டது என்பது அவர்கள் தொடுத்த வழக்கில் வெளியாயிற்று. வரி விகிதமோ எட்ஜ்வூட்டில்தான் அதிகம்! ஏழைகள் கூடிய விகிதத்தில் வரி கட்டினர். அவர்களுடைய வீடுகளின் பெறுமதி குறைவு, ஆதலின் திரண்ட பணமும் குறைவு. 1973இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற கணக்கில் அவர்களைத் தோற்கடித்தது. கல்வி அந்நாட்டு அரசியலமைப்பு உறுதி செய்யும் அடிப்படை உரிமையன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது.

எட்ஜ்வூட் மக்கள் அதன்பின்னும் கலைந்துவிடவில்லை. 1989இல் டெக்சாஸ் மாநிலத்தின் மேல்நீதிமன்றம் அம்மாநிலத்தின் கல்வி நிதி முறையை ஏகமனதாகச் சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. பெற்றோர் முதலிற் கூடி இருபத்தொரு ஆண்டுகள் சென்றிருந்தன. 1968இல் எந்தப் பிள்ளைகளுக்காக அவர்கள் கூடினார்களோ அப்பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து பெரியவர்களாகிவிட்டனர். தம் பிள்ளைகளுக்குக் கிடையாதென்று தெரிந்தும் அவர்கள் நின்றார்கள். சங்கம் என்று நாம் மதிப்பது இதனை. சில்லறைக் காசுக் கொள்கையில் இதற்கு இடமில்லை. அதில் ஒவ்வொருவர் காசும் அவரவர் வீட்டுக்கே பயன்படுகிறது.

இவ்வளவும் அமெரிக்கச் சங்கதி, நமக்கென்ன என்று ஓர் ஆசிரிய நண்பர் கேட்கக்கூடும். நம் நாட்டில் 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாயிற்று. அதனை எளிதில் எவரும் தந்துவிடவில்லை. கன்னங்கராவின் திட்டத்தை மதப் பாடசாலைகளை நடத்தியோரும் வசதி படைத்தோரும் எதிர்த்த கதையை மூத்த ஆசிரியர்கள் அறிவர். மலையகத் தோட்டப் பிள்ளைகளுக்கோ அதற்குப் பின்னும் பல்லாண்டு காலம் துரைமாரின் தயவில் நடந்த ஓரறைப் பாடசாலையே கதி; 1970களிலேதான் அவற்றை அரசு பொறுப்பேற்றது. ஐந்து வயது முதல் பதினாறு வரை பிள்ளை கட்டாயமாகக் கற்க வேண்டும் என்பது 2016 முதல் சட்டம். ஆகவே பாடசாலை துறப்பு நம் நாட்டில் ஒரு சிலர் பேச்சளவில் மட்டுமே நிற்கிறது.

ஆனால் நாம் பாடசாலையைத் துறக்காமலே துறந்திருக்கிறோம். இடாப்பிற் பெயர் இருக்கிறது; கல்வி ரியூட்டரியில் நடக்கிறது. உயர்தர வகுப்பின் கடைசி மாதங்களில் வகுப்பறை வெறிச்சோடிக் கிடக்கிறது. தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சைக்காகப் பத்து வயதுப் பிள்ளை மாலையிலும் ஞாயிறு காலையிலும் தகரக் கொட்டகையில் அமர்ந்து விடைகளை ஒப்புவிக்கிறது. ஹோல்ட் வெறுத்த அனைத்தும் அங்கு உண்டு. இலவசம் மட்டும் இல்லை. பெற்றோர் ஒருவரையொருவர் தேடி, எந்த ஆசிரியர் நல்லவர், எந்த வகுப்பில் இடமுண்டு என்று துணையாகின்றனர். ஒவ்வொருவரும் தன் பிள்ளைக்கு மட்டும். காசில்லாத வீட்டுப் பிள்ளை காலையிற் பாடசாலைக்கு வந்து, வராத ஆசிரியரைக் காத்திருக்கிறது. அவர் மாலை வகுப்பில் உற்சாகமாகப் படிப்பிப்பார் என்பதை அப்பிள்ளையும் அறியும். நம்மவரைப் பற்றித்தான் எழுதுகிறோம், கோபிப்போர் கோபிக்கலாம்.

நம் பாடசாலைகள் எங்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்று உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் பழைய மாணவரும் அதில் அங்கத்தவர். எட்ஜ்வூட் மக்கள் இல்லாத இடத்தில் உண்டாக்கிக்கொண்டதை நமக்குச் சுற்றுநிருபமே தந்திருக்கிறது. அதனை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம்? மதிலுக்கு வர்ணம் பூசவும் பரிசளிப்பு விழாவுக்கு மாலை வாங்கவும் பணம் திரட்டும் சபையாக்கியிருக்கிறோம். பெற்றோர் வாய் திறந்தால் அதனைத் தலையீடு என்கிறோம்.

நாம் அறிந்த ஒரு பாடசாலையிற் சென்ற தவணை அச்சங்கம் கூடியது. மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார். தம் மகன் நான்காம் வகுப்புக்கு வந்தும் இன்னும் எழுத்துக் கூட்டி வாசிக்கவில்லை என்றார். வகுப்பில் அவனைப்போல் இன்னும் ஏழெட்டுப் பேர் இருப்பதாகவும் சொன்னார். தலைமை வகித்தவர் அதனைத் தனியாகப் பேசலாம் என்று கூறி, விளையாட்டுப் போட்டிச் செலவு விபரத்துக்குச் சென்றுவிட்டார். கூட்ட அறிக்கையில் அத்தாயின் கேள்வி இல்லை. ஆசிரியர் வரிசையில் அமர்ந்திருந்த நம்மில் எவரும் எழுந்து நிற்கவில்லை. அடுத்த கூட்டம் எதிர்வரும் மாதம் நடைபெறும். நிகழ்ச்சி நிரலில் முதலாவது விடயமாக அக்கேள்வியைச் சேர்க்கும்படி எழுதி, ஆசிரியர் நால்வர் ஒப்பமிட்டுக் காரியதரிசியிடம் கொடுத்திருக்கிறோம். அத்தாயின் வீட்டுக்குச் சென்று, மற்ற ஏழெட்டுப் பேரின் பெற்றோரையும் அழைத்து வரும்படி சொல்லியிருக்கிறோம்.